பந்து எடுக்கும் படகுக்காரன்

வடக்கே ஒரு குளிர்க்கடல் தீவிலுள்ள கிளெட்டவிக் ஊரின் கால்பந்துச் சங்கத்து முதல் பதிவேட்டில் பதினான்கு பெயர்கள் இருக்கின்றன. ஒன்பதாவது பெயர் ஹானுஸ். 1943 மே மாதம் சங்கம் தொடங்கியபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. ஏழு வயதில் பாறையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டதால் அவனால் ஓட முடியாது. ஆனால் துடுப்புப் போடுவதில் அவனை மிஞ்ச அந்தத் தீவில் ஆள் கிடையாது. இது வீட்டார் சொல்வது மட்டுமல்ல, எதிர்க்கரை ஹோல்முர் ஊர்க்காரர்களே ஒப்புக்கொண்டது.

ஊரில் சமதரை என்று இருந்தது ஒரே இடம்தான், அதுதான் மைதானம். மேற்கே மலை, கிழக்கே கடல். கிழக்கு எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்து மூன்று ஆள் உயரச் சரிவில் உருண்டு நேராகத் தண்ணீரில் விழும். அதனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஹானுஸ் படகோடு கரைக்கடியில் போய் நின்றுவிடுவான். அங்கிருந்து மைதானம் தெரியாது. பதினோரு வருடத்தில் தன் ஊர் ஆடிய ஓர் ஆட்டத்தைக்கூட அவன் பார்த்ததில்லை. எல்லாம் காதால்தான். பீப்பாயில் அடித்தாற்போல் சத்தம் வந்தால் உதைத்தது தடுப்பாட்டக்காரன் மோர்டன். ஊர் கத்தினால் நம் கோல், மூச்சுப் பேச்சில்லாமல் போனால் அவர்களுடையது. அதை வைத்தே அவன் துடுப்பும் நடக்கும். ஊர் தோற்றுக்கொண்டிருந்தால் படகு பறக்கும். ஜெயித்துக்கொண்டிருந்தால் முதலில் சுங்கானில் புகையிலை அடைத்துப் பற்றவைப்பான். நடுவர்கள் பல்லைக் கடிப்பார்கள். இப்படி நேரம் கடத்துவது கடலோர ஊர்கள் எல்லாமே செய்கிற வேலைதான், ஹானுஸ் கொஞ்சம் நிதானமாகச் செய்தான்.

1954 செப்டம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தீவுக் கோப்பையின் கடைசி ஆட்டம், ஹோல்முருடன். கிளெட்டவிக் அந்தக் கோப்பையை ஒருமுறைகூட எடுத்ததில்லை. மறுநாள் காலை ஆட்டக்காரர்களில் ஆறு பேர் ஐஸ்லாந்துக் கடலுக்கு மீன்பிடிக் கப்பலில் கிளம்ப வேண்டும். ஆட்டம் அன்று முடியாவிட்டால் மறு ஆட்டத்துக்குப் பதினொரு பேர் தேறமாட்டார்கள், கோப்பை ஹோல்முருக்குப் போய்விடும்.

முடிய ஒன்பது நிமிடம் இருக்கும்போது கிளெட்டவிக் இரண்டு, ஹோல்முர் ஒன்று. நேரத்தைக் கடத்த மோர்டன் வழக்கம்போல் பந்தைக் கடலுக்கு ஓங்கி உதைத்தான். மாற்றுப் பந்து முதல் பாதியிலேயே முள்கம்பியில் கிழிந்துபோனது அவனுக்கு மறந்துவிட்டது. நடுவர் கடிகாரத்தை நிறுத்தினார். பதினைந்து நிமிடத்துக்குள் பந்து வராவிட்டால் ஆட்டம் ரத்து என்று அறிவித்தார்.

கீழே இருந்தவனுக்கு இது எதுவும் தெரியாது. பீப்பாய்ச் சத்தம் கேட்டது, நாம் முன்னணியில் இருக்கிறோம் என்பதும் தெரியும். சுங்கானை எடுத்தான். பந்து எந்தப் பக்கம் போனது என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் அவனுடைய அக்கா சன்னா சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு வந்தாள்.

“டேய் ஹானுஸ், புகை பிடிக்கிற நேரமாடா இது? வேற பந்து இல்லடா. கால் மணி நேரத்துல வரலேன்னா ஆட்டமே கிடையாதாம்.”

சுங்கான் படகுக்குள் விழுந்தது. ஆனால் அதற்குள் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. காற்று தெற்கிலிருந்து வடக்கே அடித்துக்கொண்டிருந்தது. மேலே திரண்டிருந்த கூட்டம் முழுவதும் வடக்கே கை காட்டியது. ஹானுஸ் தண்ணீரை ஒரு கணம் பார்த்தான், படகைத் தெற்கே திருப்பினான்.

“வடக்காலடா, மடையா! காத்து எங்க அடிக்குதுன்னு தெரியல?” என்று மோர்டன் தொண்டை கிழியக் கத்தினான்.

“விடுங்கப்பா, ஜெயிச்சது போதும்னு சாப்பிடக் கிளம்பிட்டாரு” என்றான் ஹோல்முர்க்காரன் ஒருவன். அவர்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

ஹானுஸ் தெற்கே வலித்துக்கொண்டே போனான். புதுப் பந்து மிதக்கும், காற்று அதைத் தள்ளும். முக்கால் ஆட்டம் ஈரப் புல்லில் உருண்ட தோல் பந்து பாதிக்கு மேல் முங்கிக் கிடக்கும், அதைத் தண்ணீர்தான் இழுத்துப் போகும். கடலின் ஏற்றவற்றம் மாறி அரைமணி ஆகியிருந்தது, நீரோட்டம் இப்போது தெற்கே. அது நீர்க்காகங்கள் உட்காரும் பாறையைச் சுற்றி வளையும் இடம் அவனுக்கு அத்துப்படி. நேரே அங்கே போய்த் துடுப்பை நிறுத்திக் காத்திருந்தான். கரையில் சன்னா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாறைக்குப் பின்னாலிருந்து பந்து, கடல்நாய் ஒன்று தலை நீட்டுவதுபோல், மெல்ல வந்தது.

பந்து மைதானம் சேர்ந்தபோது பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது. நடுவர் அதைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கல்லாகக் கனத்தது. ஆனாலும் பந்து பந்துதான் என்று சொல்லிவிட்டார்.

ஹானுஸ் மறுபடி படகில் ஏறப் போனான். மோர்டன் சரிவின் விளிம்பிலிருந்து கை நீட்டினான். “மேல வாடா. ஊறிப்போன பந்து, இனி எவன் உதைச்சாலும் கரையைத் தாண்டாது.” இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து அவனைத் தூக்கினார்கள்.

அந்த ஒன்பது நிமிடமும் அவன் கோட்டோரம் நின்று பார்த்தான். யார் உதைத்தாலும் பந்து ஏழெட்டு அடி உருண்டு நின்றது. ஹோல்முரின் முன்னாட்டக்காரன் வெறும் கோலுக்கு நேரே உதைத்தது கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. கோல்காப்பாளர் நடந்து போய் எடுத்துக்கொண்டார். நடுவர் விசில் ஊதினார்.

கோப்பை கைமாறி கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. ஆட்டம் எப்படி என்று சன்னா தம்பியிடம் கேட்டாள். அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்: “நல்லாத்தான் இருந்துச்சுக்கா. ஆனா கீழ இருந்து கேக்கும்போது இவனுங்க இன்னும் வேகமா ஓடுனானுங்க.”