ஒரு வண்டி மண் போதும்

பஸ்ராவுக்குத் தெற்கே எங்கள் ஆற்றுக்குள் கடல் ஏறிவந்த கோடையில் வஜீஹாவின் பேரீச்சமரங்கள் பட்டுப்போயின. தரையில் உப்பு பூத்தது. வெண்டை விதைத்தாள், கருகியது. மறுபடி விதைத்தாள், முளைக்கவே இல்லை. பக்கத்தில் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனார்கள். கணவன் ஜாஸிபும் கிளம்பலாம் என்றான்.

"தரை கெட்டா தரைக்கு மேல விதைக்கிறேன். நான் வரல."

இடிந்த சுவரின் செங்கல்லை எடுத்து, மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரத்துக்குத் தொட்டிபோல ஒரு பாத்தி கட்டினாள். மண் விற்கும் கத்பான் எட்டிப் பார்த்தான். ஊர் வழக்கப்படி அவளை மகன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"ஸஜ்ஜாத் அம்மா, இதுக்கு ரெண்டு வண்டி வேணும்."

"உன் வண்டியை அளந்துட்டுச் சொல்றேன்."

"என் மாமனார்கூட என்னை இப்படி அளந்து பாக்கல!"

வஜீஹா சிரிக்கவில்லை. வண்டியில் ஒரு கன மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்தது. பாத்திக்கு ஒன்றரை வேண்டும்.

"அப்ப ரெண்டு வண்டிதானே?" என்றான் கத்பான்.

"பட்ட மரத்தை வெட்டி அடியில இருபது சென்டிமீட்டருக்கு அடுக்கப்போறேன். கீழேயிருந்து உப்பு சீக்கிரம் ஏறாது. மிச்சம் முப்பதுக்குத்தான் மண்ணு. ஒரு கன மீட்டர்கூட வராது. தண்ணி விட்டா அமுங்கும், அதுக்கும் சேர்த்து ஒரு வண்டி போதும்."

மரத்தை வெட்ட ஜாஸிபுக்கு மனம் வரவில்லை. அவன் அப்பா நட்டவை. வஜீஹாவே கோடரியை எடுத்தாள். இரண்டாவது மரத்தில் அவன் வந்து அதை வாங்கிக்கொண்டான்.

கத்பான் கொண்டுவந்த மண்ணில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துத் துப்பினாள் வஜீஹா. "உப்பு. திருப்பிக் கொண்டு போ."

"இந்த ஊர்ல உப்பில்லாத மண்ணுக்கு எங்க போறது?"

"இந்த ஊர்ல யாரு கேட்டா? வடக்க, குர்னாவைத் தாண்டிப் போ."

முணுமுணுத்துக்கொண்டே போனவன் அடுத்த வாரம் நல்ல பழுப்பு மண்ணோடு வந்தான். பாத்தியில் கொட்டியபோது அது செங்கல்லுக்கு மேல் குவிந்து நின்றது. "பாத்தீங்களா, அதிகமாயிடுச்சு!" என்றான். விலைக்கு வாங்கும் நல்ல தண்ணீரை அவள் இரண்டு நாள் ஊற்றினாள். மண் அமுங்கிச் செங்கல் மட்டத்துக்கு வந்து நின்றது.

அதில் மறுபடி வெண்டை விதைத்தாள், முளைத்தது. ஆகஸ்ட் வெயில் பாதிச் செடிகளைத் தின்றது. தப்பிய செடிகளில் காய்த்த வெண்டையை ஆட்டுக்கறியோடு குழம்பு வைத்தாள். ஜாஸிப் ரொட்டியால் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த பாத்தி எங்க?" என்றான்.

"நீங்க கார் நிறுத்துற எடத்துல."