ஆறும் மட்டும்

இந்த நாட்டில் வீட்டைவிட்டு வெளியே போவதென்றால் முதலில் கையைப் பின்னால் கொண்டுபோய் ஒரு துளைக்குள் நுழைக்க வேண்டும். ஜெர்மன்காரர் இதை ஒரு நொடியில் செய்துவிடுகிறார்கள். கதைத்துக்கொண்டே, ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டே குளிர்மேலங்கியை மாட்டிவிடுகிறார்கள். எனக்கு இருபத்தாறு வயது. என் வலது கை பாதி வழியில் நின்றுவிடும். தோள்பட்டைக்கும் முள்ளந்தண்டுக்கும் இடையில், விரல் நுனியளவு இடத்தில் ஒரு குத்து எழும்பி, கழுத்துவழியே காதடிவரை ஏறும். ஆகவே நான் மேலங்கியைக் கட்டிலில் விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் நுழைத்துக்கொண்டு எழும்புகிறேன். அகதி முகாமில் என்னோடு அறையில் இருக்கும் மூவரும் முதலில் சிரித்தார்கள். இப்போது பார்ப்பதில்லை.

இந்த நோ யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரான உரும்பிராயில் தொடங்கியது. எங்கள் வெங்காயத் தோட்டத்துக்கு மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின் ஒன்று இருந்தது. தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு போர்த்தடையால் மண்ணெண்ணெய் வருவது நின்றுபோனது. கிணற்றிலிருந்து மிதித்து இறைக்கும் துலாவை எப்போதோ கழற்றி விறகாக்கியிருந்தோம். மிஞ்சியது கப்பியும் கயிறும் வாளியும்தான். நாலு பரப்புக் காணியில் மூன்றைக் காயவிட்டு ஒரு பரப்பில் மட்டும் வெங்காயம் நட்டோம். ஐயாவுக்குக் குடலிறக்கம், பாரம் இழுக்கக்கூடாது. அம்மா முன்னமே காலமாகிவிட்டார். பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த நான்தான் இழுத்தேன். ஒருமுறை இறைக்க முந்நூறு, நானூறு வாளி. ஐயா வாய்க்காலைத் திருப்ப, என்னைவிட மூன்று வயது மூத்த யோகம் அக்கா பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவாள். நாலு நாளைக்கு ஒருமுறை.

ஆறு மாதத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் போனது. சொன்னபோது ஐயா நம்பவில்லை.

“இருபத்தொரு வயசிலை என்ன முதுகு நோ? எனக்கெல்லோ நோகவேணும்.”

ஊர் வைத்தியர், பரியாரி, எண்ணெய் பூசி உருவினார். அக்கா நொச்சியிலை அவித்து ஒத்தடம் கொடுத்தாள். கடைசியில் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே பிலிம் யாழ்ப்பாணத்துக்கே வராத காலம். டொக்டர் விரலால் அமத்திப் பார்த்துவிட்டு, “மூண்டு மாசத்துக்குக் கயிறைத் தொடாதையும்” என்றார். அதை வீட்டில் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா கேட்டுவிட்டுத் தாவணித் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

“நீ விடு தம்பி. ஆறும் மட்டும் நான் இழுக்கிறன்.”

இதை வாசிக்கும் உங்களுக்கு ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இரண்டாம் மாதமளவில் நோ கொஞ்சம் தணிந்தது. முயன்றிருந்தால் ஐம்பது வாளியாவது இழுத்திருப்பேன். ஆனால் கயிற்றைக் கண்டாலே தோள் இறுகியது. அக்கா கிணற்றடியிலிருந்து, “எப்பிடியடா இருக்கு?” என்று கேட்கும்போதெல்லாம், “இன்னும் நோகுது” என்றேன். பொய்யில்லை. முழு உண்மையுமில்லை. மூன்று மாதம் ஒரு வருடமானது. நான் தின்னும் சோற்றுக்கு அவள் இழுத்தாள்.

ஐயா ஒருநாள் என்னைப் பார்க்காமல் அக்காவிடம் சொன்னார்: “உவனாலை இஞ்சை ஒண்டும் ஏலாது. வெளியிலையாவது போகட்டும்.”

அப்படித்தான் நான் வெளிக்கிட்டேன். கிளாலிக் கடல்நீரேரிக் கரையில் படகேறக் காத்திருந்தபோது அக்கா என் பையைத் தன் தோளிலிருந்து இறக்கவே இல்லை. “படகு வந்தாப்போலை தாறன்” என்றாள்.

இங்கே ஒரு பீட்சாக் கடையின் குசினியில் கோப்பை கழுவுகிறேன். கழுவியவற்றைத் தலைக்குமேலுள்ள தட்டில் அடுக்கவேண்டும். முதல் குளிர்காலத்திலேயே நோ திரும்பி வந்தது. என்னைப் பார்த்த எலும்பு வைத்தியர் வயதானவர், நல்ல மனுசன். என்ன பாரம் தூக்கினாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் சொல்லைச் சொன்னேன்.

“வாசர்.” தண்ணீர்.

அவர் தலையாட்டினார். இங்கே சனம் குடிக்கிற தண்ணீரைப் பெட்டி பெட்டியாகக் கடையில் வாங்கி மாடிக்குத் தூக்கிப்போகும். “எத்தனை?” என்றார். “முந்நூறு” என்றேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. எனக்கு எண் தெரியாது என்று நினைத்திருக்கவேண்டும். மூன்று விரலைக் காட்டி, “மூன்றா?” என்று கேட்டார். கிணற்றுக்கும் கயிற்றுக்கும் எனக்குச் சொல் தெரியவில்லை. “யா” என்றேன். கடைக்காரனிடம் சொன்னால் தண்ணீர்ப்பெட்டியை வாசலுக்கே கொண்டுவந்து தருவான் என்று அன்பாகப் புத்திசொல்லி அனுப்பினார். எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்புப் படத்தில் என் எலும்புகள் வெள்ளையாக, ஒழுங்காக நின்றன. அதில் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு ஆறுமுறை உடற்பயிற்சி வைத்தியம். ஆறும் முடிந்தது. நோ இருந்தது.

வீட்டுக்கு வேறுமாதிரி எழுதினேன். “இங்கை நல்ல வைத்தியம். எனக்கு முழுச் சுகம். ஒரு நோவுமில்லை.” என்னை அனுப்பியது வீண்போகவில்லை என்று அவர்கள் நினைக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் அக்காவின் கடிதம் கொழும்பு சுற்றி வந்துசேர்ந்தது. எழுத்தெல்லாம் கீழ்நோக்கிச் சரிந்திருந்தது.

“தம்பி, எழுத்து கோணலாக் கிடக்குதெண்டு யோசியாதை. கையை மேசையிலை தூக்கிவைக்க ஏலாமல் மடியிலை வைச்சு எழுதிறன். உனக்கு வந்த அதே இடத்திலைதான் எனக்கும். தலையிழுத்துப் பின்னக் கை எழும்புதில்லை. எத்தினை நாளைக்குப் பக்கத்து வீட்டுப் பெட்டையளைக் கூப்பிடுறது? அதாலை தலைமயிரைக் கழுத்தோடை வெட்டிப்போட்டன். ஐயா நாலு நாள் என்னோடை கதைக்கேல்லை. இப்ப கதைக்கிறார். உனக்கு அங்கை எப்பிடிச் சுகமாக்கினவை? எழுது. நானும் செய்து பாக்கிறன்.”

இடுப்பளவு கூந்தல் அவளுக்கு. கல்யாணமாகாத பெண். கடிதத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன். ஒரு மாதம் பதில் எழுதவில்லை. பிறகு இன்னொரு மாதம். சுகமாகவில்லை என்று எழுதினால் நான் சொன்ன பொய் தெரியும். அதோடு அவளுக்கிருந்த நம்பிக்கையும் போகும். கோடைகாலம் முழுக்க இப்படியே கழிந்தது. புரட்டாதியில், எனக்கு உடற்பயிற்சி வைத்தியம் செய்த பெண்ணிடம் கேட்டு, பயிற்சிகள் வரைந்த தாளொன்றை வாங்கினேன். எட்டுப் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் தமிழில் எழுதி அனுப்பலாம் என்று தொடங்கினேன். குசினி வேலைக்குப் பிறகு ஒருநாளைக்கு ஒரு படம்தான் முடியும். அகராதி பார்த்து ஏழு படங்களை முடித்திருந்தேன்.

அப்போதுதான், ஐப்பசியில், ஊர்ச் செய்தி வந்தது. இராணுவம் நெருங்க, உரும்பிராயும் சேர்ந்த வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி, மழையில், செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்தது. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்த எங்கள் ஊர்ப்பக்கத்துப் பொடியன் ஒருவனிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

“எங்கடை ஐயாவையும் அக்காவையும் ஆரேன் கண்டவையோ?”

“உரும்பிராய் ஆக்கள் சாவகச்சேரிப் பக்கம் மரங்களுக்குக் கீழை இருக்கினமாம், அண்ணை. பேர் ஒண்டும் தெரியாது.”

“கழுத்தளவு தலைமயிரோடை ஒரு பொம்பிளை...”

அவன் என்னைப் பார்த்தான். “அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை, அண்ணை.”

மூட்டையை எந்தத் தோளில் தூக்கியிருப்பாள்? ஐயாவால் தூக்க முடியாது.

மிஞ்சியிருந்த எட்டாவது படத்தை நேற்று எடுத்தேன். சுவரோடு முதுகு ஒட்ட நின்று இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தவேண்டும். “சுவரோடு நிற்கவும்” என்று எழுதினேன். பிறகு சுவர் என்பதை வெட்டிவிட்டு மரம் என்று எழுதினேன். கீழே, எனக்கு இன்னும் சுகமாகவில்லை, அக்கா, என்று ஒரு வரி சேர்த்தேன்.

உறையின் பின்புறத்தில் அனுப்புநர் விலாசம் முழுதாக இருக்கிறது. எனக்குச் சரியாக உச்சரிக்க வராத தெரு, கட்டட இலக்கம், அறை இலக்கம், தபால் எண். முன்புறத்தில் அக்காவின் பெயரை எழுதினேன். உரும்பிராய் என்று எழுதினால் ஆளில்லாத வீட்டுக்குப் போகவேண்டும். சாவகச்சேரி என்று எழுதினால் எந்த மரத்தடிக்கு? பெயரோடு நிறுத்திவிட்டு, பேனையை மூடினேன்.