சித்தப்பா மகள்

ஜெர்மனியில் பான் நகர மருத்துவமனை ஒன்றில் ஆய்வு மாணவனாக இருந்தபோது, யார் யாருக்கு என்ன உறவு, என்ன நோய் என்று காட்டும் குடும்பப் படத்தை நோயாளிகளுக்கு வரைவது என் வேலை. ஒரு நாள் வந்த சிரியாக்காரரின் ஒன்பது வயது மகளுக்கு லூபஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். இஸ்திரி கலையாத சட்டை போட்டிருந்தார். எந்தக் கேள்விக்கும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"மனைவி சொந்தமா?" என்று ஜெர்மனில் கேட்டதற்கு மட்டும் துடைக்காமலே, "இல்லை" என்றார்.

சொந்தம் என்றால் நோய் பரம்பரையில் வந்ததா என்று பார்த்து, அவருடைய கைக்குழந்தையான மகனையும் சோதிப்பார்கள். அவர் மறைக்கிறார் என்று தோன்றியது.

"எங்கப்பா கட்டினது சொந்த அக்கா மகளைத்தான்" என்றேன்.

"அக்கா மகளையா? அடப்பாவி, எங்களுக்கு அது ஹராம்!" என்று சிரித்துவிட்டார். பிறகு மெதுவாக, "சொந்தத்துல கட்டி நாங்கதான் பிள்ளையைக் கெடுத்தோம்னு சொல்லிடுவாங்களோன்னு பயம், தம்பி. எழுதிக்கோ. அவ என் சித்தப்பா மகள்" என்றார்.

எங்களுக்கு அது தங்கை முறை. இப்போது நான் திகைத்தேன். கணவன் மனைவிக்கு நடுவே, சொந்தத்தைக் காட்டும் இரட்டைக் கோட்டைப் போட்டேன். மகனுக்கும் ரத்தம் எடுக்கச் சம்மதித்தார்.

"உன் வீட்ல யாருக்கும் நோய் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"அல்ஹம்துலில்லாஹ், இறைவனுக்கு நன்றி" என்றார்.

அந்த நாளில் அவரால் எனக்காக எப்படிச் சந்தோஷப்பட முடிந்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.