லென்ஸக்காவின் பல் கவசம்

மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் கடைசி மேஜை அவளுடையது. தேய்த்து மெருகேற்றி வரும் ஒவ்வொரு லென்ஸும் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். சின்ன உருப்பெருக்கி ஒன்றை வலது கண்ணில் இடுக்கிக்கொண்டு, இடது கண்ணை மூடி, லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் மெழுகுப் பென்சிலால் ஒரு சுழி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். பத்தொன்பது வருடமாக இதே வேலை. பட்டறையில் எல்லோருக்கும் அவள் லென்ஸக்கா.

எதைக் கையில் கொடுத்தாலும் திருப்பிப் பார்த்து, ஏன் இப்படி, எதனால் அப்படி என்று கேட்காமல் விடமாட்டாள். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிவந்த கைக்கடிகாரத்தை அன்று சாயங்காலமே கழற்றிப் பரப்பி வைத்தவள். திரும்ப மாட்டவும் செய்தாள் என்பது வேறு விஷயம்.

நாற்பத்து மூன்று வயதில் அவளுக்குக் காலை எழுந்ததும் தாடை வலிக்கத் தொடங்கியது.

“தூக்கத்துல பல்லைக் கடிக்கிற. யாரோ பக்கத்துல உக்காந்து சரளைக்கல்லு அரைக்கிற மாதிரி இருக்கு” என்றார் வீட்டுக்காரர்.

“நானா? எவ்வளவு நேரம் கடிச்சேன்?”

“எந்திரிச்சுக் கணக்கெடுக்கவா முடியும்? தலையணையைக் காதுல வெச்சு அமுக்கிக்கிட்டேன்.”

பல் டாக்டர் ஒரு இளம்பெண். மெழுகு போன்ற ஒன்றைக் கடிக்கச் சொல்லி அச்சு எடுத்தார். அடுத்த வாரம், மேல்பல் வரிசையில் கச்சிதமாகப் பொருந்தும், கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் கவசம் ஒன்று கைக்கு வந்தது. “தூங்கும்போது போட்டுக்கங்கம்மா. காலைல நல்லாக் கழுவி வைங்க” என்று சொன்னதோடு சரி; வாசலில் ஏழெட்டுப் பேர் கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

நல்லாக் கழுவுவது என்றால் பல் துலக்குவது போலத்தானே என்று நினைத்தாள். தினமும் பல் தூரிகையில் பற்பசை போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். மூன்றே வாரத்தில் கவசம் பனி படிந்தது போல மங்கிவிட்டது. லேசான வாடை வேறு.

மறுநாள் அதை டப்பாவில் போட்டுப் பட்டறைக்கே எடுத்துப் போனாள். உருப்பெருக்கியை இடுக்கிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தூரிகை போன வழியெல்லாம் வரிவரியாகக் கீறல்.

“இது பற்பசையோட வேலை. நீ மெருகேத்தறதுக்குப் போடுற பொடி மாதிரி இதுலயும் ஏதோ இருக்கு” என்றாள் பக்கத்து மேஜை மெருகுக்காரரிடம்.

“அக்கா, அது வாய்க்குள்ள போடுறதுதானே? நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்.”

அவள் காதில் விழவில்லை. கழித்துப்போட்ட பிளாஸ்டிக் லென்ஸ் ஒன்றை எடுத்தாள். ஒரு பாதியைப் பற்பசையாலும் மறுபாதியைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீராலும், அதே தூரிகையால் இருநூறு தடவை தேய்த்தாள். பற்பசைப் பாதி மங்கியது. சோப்புப் பாதி அப்படியே இருந்தது. அழுக்கு அந்தக் கீறல்களுக்குள் போய்த் தங்குவதால்தான் வாடை என்பதும் புரிந்தது. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து, சம்பளம் கூட்டிவிட்டார்களோ என்று மெருகுக்காரர் சந்தேகப்பட்டார்.

ஆனால் அந்தக் கவசத்துக்கு ஆயுசு அவ்வளவுதான். வீட்டில் நாத்தனார் இருந்தாள். மருத்துவமனையில் கத்தரி, இடுக்கிகளைச் சுத்தம் செய்யும் வேலை. கொதிக்காத எதுவும் அவளுக்குச் சுத்தமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிரித்த முகமாக வந்தாள்.

“அண்ணி, உங்க கவசம் வாடை அடிச்சுதே, கொதிக்கவெச்சு எடுத்துட்டேன். இனிமே ஒரு கிருமி அண்டாது.”

பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தால், காய்ந்த ஆரஞ்சுத் தோல் போலச் சுருண்டு கிடந்தது கவசம். வாயில் வைத்துப் பார்த்தாள். ஒரு பல்லில்கூட உட்காரவில்லை. நாத்தனாருக்கு முகம் செத்துவிட்டது.

“போட்டதுமே வளைஞ்சுதா, இல்ல கொதி வந்த பிறகா?” என்று கேட்டாள் லென்ஸக்கா.

“அண்ணி, நாலு வார்த்தை திட்டிடுங்க. கேள்வி மட்டும் கேக்காதீங்க.”

இரண்டாவது கவசம் வாங்கப் போனபோது டாக்டரை அவள் லேசில் விடவில்லை. குளிர்ந்த தண்ணீர், அல்லது வெதுவெதுப்புக்கும் கீழே; மெல்லிய தூரிகை, அது கவசத்துக்கு மட்டும்; ஒரு சொட்டு சோப்பு; கழற்றியவுடனே கழுவ வேண்டும், எச்சில் காய்ந்தால் படலம் கட்டும். ஈரத்தோடு மூடக் கூடாது, காற்றில் உலர்ந்த பிறகுதான் துளை போட்ட டப்பா. வெயிலும் அடுப்படியும் ஆகாது. எல்லாவற்றுக்கும் ‘ஏன்’ கேட்டு, பதில் வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

இந்த முறை கவசம் தெளிவாகவே இருந்தது. தெளிவாக இருந்ததால்தான் அதில் வேறொன்று தெரிந்தது. இரண்டு மாதம் கழித்துக் கழுவும்போது பார்த்தாள்: வலது பக்கம் மட்டும் பளபளப்பு போய், கடைவாய்ப் பல்லுக்கு நேரே சின்னக் குழி. இடது பக்கம் புத்தம் புதிது. இது தூரிகையின் வேலையில்லை, பல்லின் வேலை. ஏன் ஒரே பக்கம்?

டாக்டரிடம் காட்டினாள். அவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். “பகல்லயும் கடிக்கிறீங்களாம்மா?”

“இல்லையே.”

“சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. உதடு மூடியிருக்கலாம், பல்லுக்கு நடுவுல இடைவெளி இருக்கணும். கவனிச்சுப் பாருங்க.”

நாற்பத்து மூன்று வருடமாக வாயோடு வாழ்ந்தும் இது தெரியாமல் போயிற்றே! மறுநாள் பட்டறையில் நுழைந்ததும் நுழையாததுமாக, “எல்லாரும் அப்படியே இருங்க. இப்ப பல்லு தொட்டுக்கிட்டிருக்கா, இல்லையா?” என்றாள். இயந்திரங்கள் ஓடின, பதினோரு பேரும் வாயை மூடி யோசித்தார்கள். “கேட்டதும் தெரியலைக்கா, எது நிஜம்னே மறந்துபோச்சு” என்றார் மெருகுக்காரர். அன்று முழுக்க ஆளாளுக்குத் தாடையைத் தடவிக்கொண்டே திரிந்தார்கள்.

அவள் தன் விளக்கின் கழுத்தில் ஒரு சிவப்புப் பொட்டுத் தாளை ஒட்டினாள். அது கண்ணில் படும்போதெல்லாம் பல்லைக் கவனித்தாள். நாலாம் நாள் பிடிபட்டுவிட்டது. உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கும்போது வலது கன்னம் இறுகுகிறது. அதோடு வலது தாடையும் பூட்டிக்கொள்கிறது. ஒரு நாளைக்கு நானூறு லென்ஸ். நானூறு கடி!

முதலாளியிடம் போய்த் தாங்கியில் நிற்கும் பெரிய உருப்பெருக்கி வேண்டும் என்றாள். காரணத்தைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் தன் வாயையே கவனித்தார். அந்த வாரமே வந்துவிட்டது.

எட்டு மாதம் கழித்து டாக்டர் கவசத்தை மாட்டிவிட்டு, கடி விழும் இடத்தைக் காட்டும் நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் சமமாகப் புள்ளிகள் விழுந்தன. வலது குழி ஆழமாகவில்லை. காலைத் தாடை வலி எப்போதாவதுதான்.

“தூக்கத்துல இன்னும் கொஞ்சம் கடிக்கிறீங்க, பரவாயில்லை.”

“பகல்ல அந்த உருப்பெருக்கியால கடிச்சேன், சரி. தூங்கும்போது எதுக்குக் கடிக்கிறேன் டாக்டர்?”

டாக்டர் கையுறையைக் கழற்றியபடி சிரித்தார். “உண்மையைச் சொல்லணும்னா, அது எங்களுக்கே முழுசாத் தெரியாதும்மா.”

லென்ஸக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அப்ப எதுவரைக்கும் தெரியும், அதைச் சொல்லுங்க.”

உதவியாளர் இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.