எள்ளளவுப் பூச்சி

செப்டம்பர் கடைசியில் ஆறு மெலிந்துவிடும். அடிக்கல் எல்லாம் தெரியும் தண்ணீர். வெயில் என்றால் ட்ரவுட் மீன்கள் கரை நிழலை விட்டு அசையா. மப்பும் சிணுங்கல் மழையுமான நாளில்தான் எள்ளளவுப் பச்சைப் பூச்சிகள் அடியிலிருந்து மேலே வந்து தோல் கழற்றும். சிறகு காயாமல் நீரோடு மிதக்கும். மீன்கள் எழும்பி உறிஞ்சும். ஒன்றரை மணித்தியாலம், அவ்வளவுதான். அதற்காக வருடம் முழுக்கக் காத்திருப்பவன் நான். மாதம் முடிந்தால் மீன்பிடிப் பருவமும் முடிந்துவிடும்.

போன வருடம் கடைசிச் சனிக்கிழமை அப்படியொரு மப்பு. அது புரட்டாதிச் சனியும்கூட. ஏழரைச் சனி எனக்கு, விரதம் மனைவிக்கு. கோயிலில் எனக்காக எள் எரித்து, வீட்டில் காகத்துக்குச் சோறு வைத்த பிறகுதான் வாயில் தண்ணீர் படும். அவளுக்குக் கார் ஓடத் தெரியாது.

"ஒண்டரைக்குப் பூசை. ஒரு மணிக்கு வந்திடுங்கோ."

"ஓம், வாறன்" என்றேன்.

ஆற்றிலிருந்து மல்வேர்னிலுள்ள வீட்டுக்கு ஒரு மணித்தியாலம். பன்னிரண்டு வரை ஒரு பூச்சியும் இல்லை. சரி, போவோம் என்று தூண்டில் நூலைச் சுற்றும்போது நீரில் ஒரு வளையம். பக்கத்தில் இன்னொன்று. எள்ளை விடச் சிறிய பொய்ப்பூச்சி முள்ளை நூலில் முடிந்தேன். போன் காரில் கிடந்தது. மறந்து வைத்ததல்ல.

வீடு வர மூன்று மணி. எள்ளுப் பொட்டலி கட்டியபடி மேசையில் இருந்தது. சோறு ஆறிப்போயிருந்தது. அவள் சாப்பிட்டிருக்கவில்லை. மீன் பிடித்தேனா என்று கேட்டாள். ஒன்று பிடித்தேன், விட்டுவிட்டேன், அங்கே சட்டப்படி விடத்தான் வேண்டும் என்றேன்.

"உங்களுக்குப் பிடிக்கத்தான் தெரியும், வைச்சிருக்கத் தெரியாது. என்னையும் அப்பவே விட்டிருக்கலாம்."

நல்ல பகிடி என்று சிரித்தேன். பூசையைத் தவறவிட்டதைக்கூட மன்னித்திருப்பாள். அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கவில்லை. பனி கொட்டத் தொடங்குமுன் அஜக்ஸிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். பொட்டலியையும் எடுத்துப் போனாளா, எறிந்தாளா, தெரியாது. தேடிப் பார்த்தேன்.

இந்த செப்டம்பரிலும் அதே மப்பு, அதே சனிக்கிழமை. ஒரு மணிக்கு எங்கும் போக வேண்டியதில்லை. பூச்சிகள் எழும்பின. நாலு மீன் பட்டது. கையை நனைத்து, நீருக்கு மேலே தூக்காமல், முள்ளை மெல்லக் கழற்றி, நோகாமல் விட்டேன். அதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.