ஞாயிறு மத்தியானம் சாப்பிட வாரும்

பயிற்சி முடிந்து ஃபேரர் பார்க் திடலின் ஓரத்தில் உட்கார்ந்து, காலணியில் அப்பியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது. நாள் முழுக்கப் பேனா பிடித்த, கனமில்லாத கை. "தம்பி, ஞாயிறு மத்தியானம் என்னோட சாப்பிட வாரும்" என்றார் எங்கள் பந்தாட்ட அணியின் மேனேஜர். வேறு யாராவது சாப்பிடக் கூப்பிட்டிருந்தால் முதல் ஆளாகப் போய் இலை முன்னால் உட்கார்ந்திருப்பேன். அவர் கூப்பிட்டதும் எப்படித் தப்பிப்பது என்றுதான் யோசித்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபதைத் தாண்டிய வயது, கல்யாணம் ஆகவில்லை, சனிக்கிழமைப் பந்தாட்டத்தைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் இருப்பதாக யாராவது சொன்னால் அவரோடு சண்டைக்குப் போகக்கூடியவன்.

மேனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். துறைமுகத்துப் பக்கம் இருந்த ஒரு பணிமனையில் தலைமைக் கிராணி, கணக்கு வழக்கு எழுதுகிற குமாஸ்தாக்களுக்குத் தலைவர். நாங்கள் அதே பணிமனையில் வெல்டிங், தச்சு, சாயம் அடிப்பது என்று கைவேலை செய்தவர்கள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடும் கையில் குடையோடும் திடலின் கோட்டோரம் நிற்பார். அவர் பந்தை உதைத்து நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் ஆட்டம் என்றால் என்ன என்று எங்களுக்குப் புரியவைத்தவர் அவர்தான். அவர் வருவதற்கு முன்னால் எங்கள் ஆட்டம் மிகவும் எளிமையானது. பந்து காலுக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வானத்துக்கு அடிப்போம், பிறகு எல்லோரும் கூட்டமாக அதன் பின்னால் ஓடுவோம். அவர் பந்தைத் தரையோடு ஆடச் சொன்னார். இரண்டு தப்படி தூரத்தில் இருக்கிறவனுக்குக் கொடு, கொடுத்துவிட்டு நிற்காதே, நகர் என்றார். ஒரு கோல் அதிகம் போட்டுவிட்டால் முன்வரிசையில் இரண்டு பேரைப் பின்னால் இழுத்துக்கொள்வார். நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம், ஆனால் விசிறிகளுக்கு அது பிடிக்கவில்லை. வெயிலில் நின்று பார்க்க வருகிறவனுக்கு நாலு கோலாவது வேண்டாமா என்று திட்டினார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மற்ற அணிகளில் ஆட்டத்தன்று பெயர்களைப் படிப்பார்கள், பெயர் வராதவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பான். அப்படி நாலு பேர் முன்னால் ஒருவனை அவமானப்படுத்துவது அவருக்கு ஆகாது. யாரை நீக்கப் போகிறாரோ அவனை மட்டும் தனியாகச் சாப்பிடக் கூப்பிடுவார். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில் அவர் வழக்கமாகப் போகும் சாப்பாட்டுக் கடை. தலைவாழை இலை, மீன்குழம்பு, பொரியல், எல்லாம் உண்டு. குழம்புச் சோறு முடியும்வரை ஊர்க்கதை, வீட்டுக்கதை பேசுவார். ரசம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, உம்மட இடதுகால் இன்னும் சுகப்படேல்லை, இந்த முறை ஆறுதலா இரும் என்பார். எங்களுக்குள் அதைத் 'தீர்ப்பு ரசம்' என்றே கேலி பேசுவோம். அழைப்பு வந்தவன் அதை வெளியே சொல்லமாட்டான். சனிக்கிழமை அவன் ஜெர்சி இன்னொருவன் உடம்பில் ஏறும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியும்.

அந்த ரசத்தைக் குடித்தவர்களில் எங்கள் சென்டர் ஃபார்வர்டும் ஒருவர். அந்தப் பருவத்தில் எங்களுக்காக அதிகக் கோல் போட்டவர். ஜாலான் புசார் அரங்கில் நடந்த கோப்பை இறுதியாட்டத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் அவரைச் சாப்பிட அழைத்தார். அவருக்குப் பதிலாகத் தடுத்து ஆடுகிற ஒருவரைப் போட்டார். ஆட்டத்தன்று பேய்மழை. தரையோடு போன பந்தெல்லாம் தண்ணீரில் மிதந்து நின்றுவிட்டது. ஒரு கோலில் தோற்றோம். சென்டர் ஃபார்வர்ட் அதன் பிறகு எங்கள் அணிக்கு ஆடவே இல்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த ஆட்டத்தின் வழக்கு இன்னும் முடியவில்லை. வாதாடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் சென்டர் ஃபார்வர்டின் தம்பி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர், மேனேஜரின் பரம ரசிகர். நான் இப்போது செங்காங்கில் மகள் வீட்டில் இருக்கிறேன். வாரம் ஒருமுறை ரயில் ஏறித் தேக்கா உணவங்காடிக்குப் போய் இவர்கள் நடுவில் கோப்பியோடு உட்காருவேன். மழைநாளில் எவனாவது குட்டைப் பாஸ் ஆடுவானா என்று கண்டக்டர் தொடங்குவார். மழை வரும் என்று காலையிலேயே மேனேஜர் கனவு கண்டாரா என்று முடிதிருத்துபவர் கேட்பார். தொலைக்காட்சியில் ஓடும் வெள்ளைக்காரர்கள் எல்லாம் இன்றைக்கு எங்கள் மேனேஜர் சொன்னதைத்தான் ஆடுகிறார்கள் என்று அவர் மேசையைத் தட்டுவார். ஆட்டமுறை பற்றிய வாதத்தில் கண்டக்டர் எப்போதும் தோற்பார். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் கடைசிச் சீட்டை இறக்குவார்.

"அவ்ளோ நல்ல மனுசன்னா, ஊருக்குப் போற அன்னிக்கி ஒரு பிளேயர் கூட ஏன் லா போகல? எலைய போட்டு வச்சிக்கிட்டு தனியா உக்காந்திருந்தாரே, சிராங்கூன் ரோடே பாத்துச்சே."

முடிதிருத்துபவர் பேச்சை மாற்றுவார். இதற்குப் பதில் என்னிடம் உண்டு.

அவர் என் தோளில் கை வைத்த அந்த வாரம், எங்களுக்கு இன்னொரு கோப்பையின் அரையிறுதி காத்திருந்தது. எனக்கு முழங்காலில் ஒரு பிடிப்பு இருந்தது, அதை மறைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டார் என்று முடிவு செய்தேன். எங்கள் ரைட் விங் ஆடியவர் முன்பு ஒருமுறை அழைப்பு வந்தபோது காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார், அந்தச் சனிக்கிழமை அவர் ஜெர்சி அவருக்கே வந்தது. சாப்பாடு போடாமல் ஒருவனை நீக்க மேனேஜருக்கு மனசு வராது என்பதை, ஆட்டம் முடிந்து அவரே சொல்லிச் சிரித்தபோது, அணியே தெரிந்துகொண்டது. எனவே எனக்குக் கணக்கு சுலபமாக இருந்தது. போய் உட்கார்ந்தால்தானே ரசம் வரும்? ஞாயிறன்று பகல் காட்சிக்குப் போய்க் கொட்டகை இருட்டில் ஒளிந்துகொண்டேன். என்ன படம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை பணிமனையில் மேனேஜரின் நாற்காலி காலி. ஓய்வு பெற்றுவிட்டார், நேற்று மாலைக் கப்பலில் ஊருக்குப் போய்விட்டார் என்று அலுவலகத்துப் பையன் சொன்னான். மாலை, பேச்சு, பிரிவுபசாரம் எதுவும் வேண்டாம், யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டாராம். சொல்ல வேண்டியதைச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். மதியம் தண்ணீர்க் குழாயடியில் கூடினோம். கோல் காக்கிற எங்கள் கோலியின் முகம் செத்துப்போயிருந்தது. "என்னைய சாப்பிடக் கூப்பிட்டாருடா" என்றார் மெதுவாக. ரைட் விங் அவரைப் பார்த்தார். நான் இருவரையும் பார்த்தேன். ஒவ்வொருவராக வாயைத் திறந்தோம். எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார், தனித்தனியாக, ஒரே நாளுக்கு, ஒரே நேரத்துக்கு. எல்லோரும் தன்னை மட்டும்தான் நீக்கப் போகிறார் என்று நினைத்து ஓடியிருக்கிறோம். கோலி கிராஞ்சியில் மாமன் வைத்திருந்த கோழிப்பண்ணைக்குப் போய்விட்டார். ரைட் விங்குக்கு மறுபடியும் காய்ச்சல். கேட்டுச் சிரிக்கத்தான் வேண்டும். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவரே சொன்னார். நீள மேசை முழுக்க இலை போடச் சொல்லி, நடுவில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். எடுத்துவிடட்டுமா என்று கேட்டபோதெல்லாம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாராம். இலையெல்லாம் வாடிச் சுருண்டபிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறார். அப்போது அவர் சொன்னதைக் கடைக்காரர் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"பெடியளுக்கு ஏதும் அலுவல் வந்திருக்கும். நீர் ஒண்டும் நினையாதையும்."

யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஒருவரிடம் நடந்ததைச் சொல்லி அனுப்பினோம். வெட்கமாக இருந்தாலும் ஒன்றுவிடாமல் சொன்னோம். போனவர் சில மாதம் கழித்துத் திரும்பி வந்து, தான் போவதற்குள் மேனேஜர் காலமாகிவிட்டார் என்றார். அதோடு அந்தப் பேச்சை நாங்கள் எடுப்பதில்லை. விசிறிகளிடமும் சொல்லவில்லை. சோற்றுக்குப் பயந்து ஓடிய அணி என்று சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பில் அவரையும் சேர்த்து இழுப்பார்கள் என்று நினைத்தோம். கோலி போய்விட்டார், ரைட் விங்கும் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போக, நான் மிஞ்சினேன்.

போன மாதம் கண்டக்டர் மறுபடி அந்தச் சீட்டை இறக்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, பக்கத்து மேசையில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முடித்ததும் கண்டக்டரைப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக அவர் பிடித்துக்கொண்டிருந்த வாதத்தை நான் பிடுங்கிவிட்டேன், கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"இது மேனேஜருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். எண்பதைத் தாண்டியவன் உணவங்காடியில் உட்கார்ந்து அழுவது பார்க்க நன்றாக இருக்காதுதான், என்ன செய்வது. அடுத்த சனிக்கிழமையும் அவருக்காக ஆடவேண்டும் என்கிற ஆசையில்தான் நாங்கள் போகவில்லை. இன்றைக்கு அது கண்டக்டருக்குத் தெரியும், முடிதிருத்துபவருக்குத் தெரியும், பரோட்டா சாப்பிட்ட அந்தப் பையன்களுக்கும் தெரியும். தெரிந்திருக்க வேண்டிய ஒரே மனிதர், எங்களுக்கு ஏதோ வேலை வந்துவிட்டது என்று கடைக்காரருக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் கப்பல் ஏறிவிட்டார்.