தங்கப் பூச்சும் உப்புத்தாளும்

கோழிப்பண்ணையில் ஃபேன்களை ஓட்டும் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் கார்டை உருவிக் காட்டினால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "நெசத் தங்கமாங்க?"

நெசத் தங்கம்தான். கார்டின் ஓரத்தில், சாக்கெட்டில் செருகுவதற்காக வரிசையாக இருக்கும் செம்புப் பற்களின்மேல் மிக மெல்லிய பூச்சு. சுரண்டினால் மூக்குத்திக்குக்கூடத் தேறாது என்றதும் அவர்கள் முகம் வாடும். எனக்கு எரிச்சல் வரும். தங்கம் என்றால் கழுத்துக்கும் காதுக்கும் மட்டும்தானா? கோழி எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா செம்பை அரித்துப் பச்சை பூக்க வைத்து, கரன்ட் போகவிடாமல் மறித்துவிடும். தங்கத்திடம் அதன் பாச்சா பலிக்காது. நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் இந்தப் பெட்டிகளை என்னைவிட நன்றாகப் பழுது பார்க்க ஆளில்லை என்று இன்றும் சொல்வேன்.

போன சித்திரையில் சேந்தமங்கலம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் போன் செய்தார். "ஃபேனெல்லாம் நின்னு நின்னு ஓடுதுங்க. கோழியெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்குது. வெரசா வாங்க சாமி."

நான் போனபோது உச்சி வெயில். படுதாக்களைச் சுருட்டிவிட்டும் காற்று அசையவில்லை. அவர் மனைவி கூரைமேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். ஏழெட்டுக் கோழிகள் ஏற்கெனவே செத்துக் கிடந்தன. இன்னும் ஒரு மணி நேரம் போனால் கொட்டகையே காலி.

கார்டை உருவினேன். தங்கத்தைக் காணோம். பற்கள் தேய்ந்து, செம்பு தெரிந்து, பச்சை பிடித்திருந்தன. பெட்டிமேல் ஓர் உப்புத்தாள் துண்டு. கோபம் தலைக்கேறியது.

"தங்கத்தப் போயி உப்புத்தாள் போட்டுத் தேப்பாங்களா? எந்தப் புண்ணியவான் பண்ணுன வேலைங்க இது?"

நான் கத்திக்கொண்டே, தேய்ந்த பற்களை விட்டுவிட்டுக் கார்டுக்கும் சாக்கெட்டுக்கும் நேராக ஒயர் வைத்துப் பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டதும் ஃபேன்கள் எல்லாம் ஒன்றாகச் சுழன்றன. கொஞ்ச நேரத்தில் கோழிகள் அலகை மூடின. அதன்பிறகுதான் பண்ணைக்காரர் பேசினார்.

"நீங்கதானுங்க. மொதத் தடவ வந்தப்ப, சட்டப் பையிலிருந்து எடுத்து நாலு தேய் தேச்சு மாட்டுனீங்க. ஓடுச்சு. மறுபடி நின்னா இப்படியே தேச்சுக்கங்கன்னு இந்தத் துண்ட எங்கிட்டயே குடுத்துட்டுப் போனீங்க."

நினைவு வந்தது. லாரிப் பட்டறையில் ஒயரிங் வேலையை விட்டு இந்தத் தொழிலுக்கு வந்த புதிது. லாரியில் எந்தக் கனெக்‌ஷன் நின்றாலும் உப்புத்தாள்தான் மருந்து. அதே கையோடு இங்கேயும் தேய்த்திருக்கிறேன். நான் கொடுத்தது என்பதற்காக அதை அவர் இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கோழி பொழச்சுதுல்ல, உடுங்க சாமி" என்று அவர் மனைவி மோர் கொடுத்தார்.

மறுநாள் என் செலவில் புதுக் கார்டு மாட்டினேன். பற்கள் பளபளவென்று இருந்தன.

"இனி நின்னா என்னங்க பண்றது?" என்றார் அவர்.

"கைய வெக்காதீங்க, என்னையக் கூப்பிடுங்க. நானே உப்புத்தாளோட வந்தாலும் கிட்ட உடாதீங்க."